கடன்படாத விடுமுறை

ஏப்ரல் 15 பிறந்ததும் நம் கடற்கரையின் முகமே மாறிவிடுகிறது. மண்டபத்திலும் பாம்பனிலும் இராமேசுவரத்திலும் விசைப்படகுகள் வரிசை வரிசையாகக் கட்டுண்டு கிடக்கின்றன. மீன்வளம் பெருகும்பொருட்டு 2001ஆம் ஆண்டு முதல் 45 நாள்களாக இருந்து, 2017 முதல் 61 நாள்களாக நீட்டிக்கப்பட்ட மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை நிலவும். ஏறத்தாழ அதே நாள்களில்தான் பள்ளிகளும் கோடை விடுமுறைக்கு மூடப்படுகின்றன. இரவைக் கடலிலும் பகலை உறக்கத்திலும் கழித்து வந்த தந்தை வீட்டில் இருக்கிறார். பிள்ளைகளும் வீட்டில் இருக்கிறார்கள். அப்போதுதான் அந்தக் கேள்வி பிறக்கிறது: “அப்பா, இந்த லீவுக்கு எங்கே போறோம்?”

இக்கேள்விக்கு விடை கூற இயலாமல் வாசற்படியைத் தாண்டி நடந்துவிடும் தந்தையரை நாம் அறிவோம். தடைக்காலத்திற்கென அரசு ஒரு குடும்பத்திற்கு வழங்கும் 8,000 ரூபாயை 61 நாள்களுக்குப் பகிர்ந்து பாருங்கள். நாளொன்றுக்கு 131 ரூபாய்தான் தேறும். அதில் அரிசி வாங்குவதா, அலைகடல் தாண்டிப் பயணம் போவதா? சாயல்குடிப் பக்கத்துப் பனைத் தொழிலாளர் வீட்டிலோ நிலைமை நேர்மாறு. கோடைதான் அவர்களுக்குப் பதநீர் இறங்கும் பருவம். வாலிநோக்கத்து உப்பளங்களிலும் வெயில் காயும் மாதங்களே வேலை மாதங்கள். ஆக, ஒரே கடற்கரையில் ஒருவருக்கு நேரம் உண்டு, பணமில்லை. மற்றவருக்குக் கூலி உண்டு, நேரமில்லை. இத்தகைய இல்லங்களில் விடுமுறை என்ற சொல்லே ஆடம்பரமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் விடுமுறை என்பது உண்மையில் வசதி படைத்தோரின் உடைமைதானா?

திருச்சபை அவ்வாறு கருதவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, உழைப்போர் தம் குடும்ப வாழ்வுக்கும் இறை வாழ்வுக்கும் போதிய ஓய்வு பெறவேண்டும் என வலியுறுத்துகிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், ஞாயிறு ஓய்வோடு ஆண்டுக்கொரு முறை நீண்ட ஓய்வும் தொழிலாளரின் உரிமை என்று கூறினார். ஐக்கிய நாடுகள் அவை 1948இல் வெளியிட்ட மனித உரிமைப் பேரறிக்கையின் 24ஆம் பிரிவும் இதையே மொழிகிறது. பிரான்சு நாட்டில் 1936ஆம் ஆண்டு ஊதியத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறை சட்டமானபோது, கடலையே கண்டிராத ஆலைத் தொழிலாளர் பலர் முதன்முறையாக மனைவி மக்களோடு கடற்கரைக்குச் சென்றனர். நம் மீனவருக்கும் பனையேறிகளுக்கும் அத்தகைய ஊதிய விடுப்பு இல்லை. எனவேதான் அவர்கள் தம் விடுமுறையைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதைத் தேடும் வழியையும் திருநூல் நமக்குக் காட்டுகிறது. இணைச்சட்ட நூலின் 14ஆம் அதிகாரத்தைப் பிரித்துப் பாருங்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் தனியே எடுத்துவைத்து, ஆண்டவர் தேர்ந்துகொண்ட இடத்திற்கு வீட்டாருடன் சென்று, அவர் திருமுன் உண்டு மகிழுமாறு இஸ்ரயேலருக்குக் கட்டளை தரப்படுகிறது. இடம் தொலைவாயின் விளைச்சலைக் காசாக்கிக் கையில் எடுத்துச் செல்லவும், விரும்பியதை அங்கே வாங்கி உண்ணவும் அனுமதி உண்டு. உடன் வாழும் லேவியரை மறந்துவிடக் கூடாது என்பதும் அங்கேயே காணப்படுகிறது. குடும்பம் கூடி மகிழ்வதற்கு முன்கூட்டியே சேமி, சேமித்ததை மனமகிழ்ந்து செலவிடு, இல்லாதவரையும் சேர்த்துக்கொள். இம்மூன்று நெறிகளுக்கும் மேலாக நாம் என்ன சொல்லிவிடப் போகிறோம்? கடன் வாங்கி மகிழ்ந்து வா என்று அக்கட்டளையில் எங்கும் இல்லை.

இந்தப் பாடத்தை நாம் குருமடத்தில் படித்தோம். கற்றுக்கொண்டதோ பின்னாளில், ஓர் ஏழைத் தாயிடம்.

நாம் முன்பு பணியாற்றிய ஒரு கடலோரப் பங்கில், கோடை விடுமுறையின்போது வேளாங்கண்ணிக்கு மூன்று நாள் திருப்பயணம் ஏற்பாடு செய்தோம். தலைக்கு இவ்வளவு என்று பீடத்திலிருந்தே அறிவித்தோம். “நம் பங்கிலிருந்து ஒரு குடும்பம்கூட விடுபடக் கூடாது” என்றும் உற்சாகமாகச் சொல்லிவைத்தோம். இரண்டு பேருந்துகள் நிறைந்தன. நமக்குப் பெருமிதம் தாளவில்லை.

மூன்று மாதம் கழிந்தபின், தவறாமல் திருப்பலிக்கு வரும் ஒரு தாய் சில ஞாயிறுகளாக வரவில்லை என்பதைக் கண்டு வீட்டிற்குச் சென்றோம். வெகுநேரம் பேசாமல் நின்றவர், பிறகு சொன்னார்: “சாமி, மாதாவைப் பார்க்கப் போனதுக்குக் குறையில்லை. அஞ்சு பேருக்குக் கட்டணம், புதுத்துணி, வழிச்செலவு எல்லாம் வாரத் தவணைக் கடன்லதான் போனோம். அம்பது வாரம் கட்டணும். ஜூன்ல பிள்ளைக நோட்டுப் புத்தகம் வந்து நின்னுச்சு. செயினையும் அடகு வச்சாச்சு. நாங்க மட்டும் வரலைன்னா, சாமி என்ன நினைப்பீங்களோன்னுதான் வந்தோம்.” வெறுங்கழுத்தோடு கோவிலுக்கு வர நாணியே அவர் வீட்டிலிருந்தபடி செபித்து வந்தார்.

மூன்று நாள் பயணம். ஐம்பது வாரத் தவணை. அக்கடனை அந்தத் தாயின் தலையில் ஏற்றியவர் நாமே என்று அன்று உணர்ந்தோம். பக்தியின் பெயரால் நாம் சொன்ன ஒரு சொல், இல்லாதவருக்கு எவ்வளவு பெரிய நெருக்கடியாகிவிட்டது! ஜூன் மாதம் நம் மக்களுக்கு இரட்டைச் செலவு மாதம் அன்றோ? பள்ளி திறக்கிறது, படகும் கடலுக்குப் போகிறது. வலை செப்பனிட வேண்டும், இயந்திரம் பார்க்க வேண்டும். மே மாதத்தில் வாங்கும் கடன் சரியாக அங்கேதான் கழுத்தை நெரிக்கிறது.

அடுத்த ஆண்டு நாம் முறையை மாற்றினோம். தவக்காலம் தொடங்குமுன்னரே அன்பியக் கூட்டங்களில் வீட்டுக்கொரு தகர உண்டியலைக் கொடுத்தோம். மீன்பாடு நன்றாயிருக்கும் வாரம் கூடுதலாகவும், பாடு இல்லாத வாரம் ஒரு நாணயமாகவும் அதில் விழட்டும் என்றோம். வாரத்திற்கு 20 ரூபாய் சேர்ந்தால் ஆண்டு முடிவில் 1,040 ரூபாய். 50 ரூபாய் சேர்ந்தால் 2,600 ரூபாய். பெருந்தொகையன்று, ஆயினும் அது யாருக்கும் தவணை கட்ட வேண்டாத தொகை. உண்டியலை அசைத்துப் பார்க்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டோம். மிட்டாய்க்குக் கிடைத்த காசையும் அதில் போட்டவர்கள் அவர்களே.

மூன்று நாள் ஒரு நாளாயிற்று, தொலைவு அருகாயிற்று. இங்கே நம் மக்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். காசியிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் பெருஞ்செலவு செய்து இராமேசுவரத் தீவைக் காண வருகிறார்கள். இங்கேயே பிறந்த நாமோ பாம்பன் பாலத்தை வேலைக்குப் போகும் அவசரத்தில்தான் கடந்திருக்கிறோம். 1914இல் திறந்த பழைய தொடர்வண்டிப் பாலம், 1988இல் அமைந்த சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட செங்குத்தாக உயரும் புதிய பாலம் ஆகிய மூன்றையும் பற்றிப் பிள்ளைகளுக்கு எத்தனையோ கதைகள் சொல்லலாம். பேய்க்கரும்பில் 2017ஆம் ஆண்டு எழுந்த அப்துல் கலாம் நினைவகத்திற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. இத்தீவின் தெருக்களில் செய்தித்தாள் விற்ற சிறுவன் குடியரசுத் தலைவராய் உயர்ந்த வரலாற்றை, படிப்பில் சலிப்புற்ற பிள்ளை அங்கே கண்ணாரக் காணட்டும். உச்சிப்புளிக்கு அருகிலுள்ள அரியமான் கடற்கரையோ அலை தணிந்த இடம்; பரமக்குடி, முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஏற்றது.

கடலைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்குக் கடலில் என்ன புதுமை என்பீர்கள். அவர்கள் ஓரியூருக்குப் போகட்டும். லிஸ்பன் நகரின் உயர்குடியில் பிறந்து, நம் மக்களோடு மக்களாய் வாழ்ந்த புனித அருளானந்தர், 1693 பிப்ரவரி 4ஆம் நாள் இரத்தம் சிந்திய செம்மண்ணை மிதித்து வரட்டும். போகும் வழியில் காரங்காட்டு அலையாத்திக் காட்டினுள் வனத்துறையார் சிறு கட்டணத்தில் படகோட்டிக் காட்டுகிறார்கள். பனை, உப்பளக் குடும்பங்கள் கோடையை விட்டுப் பொங்கல் விடுமுறையைத் தேர்ந்துகொள்ளலாம். மழை பெய்த ஆண்டுகளில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களில் அப்போது பறவைகள் நிறைந்திருக்கும். 2022இல் உலகச் சிறப்புமிக்க ஈரநிலங்களாக இவ்விரண்டும் ஏற்கப்பட்டதை நம்மூரில் எத்தனை பேர் அறிவர்?

செலவைக் குறைக்கும் வழிகளும் உண்டு. அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரசுப் பேருந்திலும் தொடர்வண்டியிலும் இலவசம். முன்பதிவில்லாத தொடர்வண்டிப் பெட்டியில் 12 வயது வரை அரைக் கட்டணம். வேன் பேசுமுன் இவற்றைக் கணக்குப் பாருங்கள். உணவு விடுதி வேண்டாம், கட்டுச்சோறு போதும். ஆனால் அக்கட்டுச்சோற்றை விடியுமுன் எழுந்து தாய் ஒருவரே கிளறிக் கட்டினால், அது அவருக்கு எப்படி விடுமுறையாகும்? படகில் குழம்பு வைக்கத் தெரிந்த ஆண்மக்கள் அன்றொரு நாள் வீட்டு அடுப்பிலும் கைவைக்கட்டும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். வேலையில்லாமல் இருப்பது வேறு, ஓய்ந்திருப்பது வேறு. தடைக்காலத்து 61 நாளும் சீட்டாட்டத்திலும் மதுவிலும் கரைந்தால், அது ஓய்வுமன்று, சிக்கனமுமன்று. அவ்வழியில் ஒரு மாதத்தில் போகும் பணம் உண்டியலில் ஓராண்டு சேர்வதைவிட மிகுதி என்பதை நம் சகோதரர்கள் நன்கு அறிவார்கள்.

அந்த ஆண்டுப் பயணத்தை முடித்துச் சொல்கிறோம். அரசுப் பேருந்திலேயே தனுஷ்கோடி சென்றோம். உண்டியல் நிறையாத இரு கைம்பெண்களின் குடும்பங்களுக்கு மற்றவர்கள் தம் உண்டியலிலிருந்து பங்களித்தார்கள். யார் கொடுத்தது, யார் பெற்றது என்று எவரும் பேசவில்லை. சென்ற ஆண்டு நம் கண்ணைத் திறந்த அந்தத் தாயும் கணவரோடும் மூன்று பிள்ளைகளோடும் வந்திருந்தார். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் விழுங்கியது போக எஞ்சி நிற்கும் ஆலயச் சுவர்களின் நிழலில் அமர்ந்து சோறு உண்டோம். அப்பகுதிக் கடல் நீராடத் தக்கதன்று என்று பிள்ளைகளைக் கரையிலேயே நிறுத்திவைத்தோம்.

அப்போது அத்தாயின் கணவர், வழக்கமாக வாய் திறவாதவர், தம் பாட்டனார் அப்புயலில் உயிர் பிழைத்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினார். தொடர்வண்டி ஒன்று நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலுள் போனது, மணல் மேட்டில் இரவெல்லாம் நின்றது, விடிந்தபின் ஊரைத் தேடியது என்று கதை நீண்டது. பிள்ளைகள் சோற்றையும் மறந்து கேட்டிருந்தார்கள். கடைக்குட்டி தாயின் சேலையை இழுத்து, “அம்மா, அப்பாவுக்கு இவ்வளவு கதை தெரியுமா?” என்று கேட்டது நம் செவியிலும் விழுந்தது. அத்தாய் பதில் சொல்லவில்லை. கணவரின் தட்டில் இன்னும் ஒரு கரண்டிச் சோறு வைத்தார்.

மாலையில் வீடு திரும்பிய பின்னும் அக்குடும்பத்தின் உண்டியலில் சிறிது பணம் மீந்திருந்ததாம்.

அன்பு வாசகர்களே, நாசரேத்து திருக்குடும்பமும் வசதியான குடும்பமன்று. கோவிலில் ஏழைகளின் காணிக்கையாகிய புறாக்களையே ஒப்புக்கொடுத்தது. ஆயினும் ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்கு எருசலேம் சென்றது. உற்றார் உறவினரோடு சேர்ந்தே நடந்தது. அவ்வழியைப் பின்பற்ற நம்மால் ஆகாதா? வருகிற ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் ஒரு தகர டப்பாவின் மூடியில் துளையிடுங்கள். முதல் நாணயத்தை வீட்டின் கடைக்குட்டி போடட்டும். எங்கே போவது என்பதையும் அக்குழந்தையே சொல்லட்டும். கடனின்றிக் கூடி மகிழும் உங்கள் இல்லத்தை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.