லோடர் வால்வு மாற்றுமுன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

உழவு இயந்திரத்தை வைத்துத் தொழில் செய்யும் நம்மவர்கள் கிழக்கிலும் புத்தளம், அநுராதபுரம் போன்ற மாவட்டங்களிலும் ஏராளம். வயல் வேலை இல்லாத காலத்தில் அதே இயந்திரத்தின் முன்னால் லோடர் பூட்டி மண், கிறவல், உமி, எரு ஏற்றிக் கூலி உழைப்பவர்களும் இருக்கிறார்கள். லோடர் ஒரு நாள் நின்றால் அன்றைய ஹயர் போய்விடும். சாரதியின் சம்பளமும் லீசிங் தவணையும் அதற்காக நிற்பதில்லை.

லோடரில் அடிக்கடி தொல்லை தருவது, ஒயிலைத் திசைதிருப்பிச் சிலிண்டர்களுக்கு அனுப்பும் ஹைட்ரோலிக் வால்வு. இது பழுதானால், பலர் பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் பஸ் ஏறுகிறார்கள். அதே தோற்றத்தில் ஒன்றைத் தேடி, விலை பேசி வாங்கி வருகிறார்கள். பூட்டிய பின்புதான் அது வேறு இயந்திரத்துக்குரியது என்பது தெரிகிறது. 2022ஆம் ஆண்டில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறிய பின்னர் உதிரிப்பாகங்களின் விலை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஒரே பாகத்தை இரண்டு முறை வாங்கும் நட்டத்தைச் சிறு தொழிலாளி தாங்க மாட்டார்.

வால்வைத் தோற்றத்தைப் பார்த்துத் தெரிவு செய்ய முடியாது. உங்கள் இயந்திரத்தின் ஒயில் எப்படி ஓடுகிறது என்பதைப் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும்.

முதலில், பழுது வால்வில்தானா?

ஸ்பூல் எனப்படும் உள் தண்டின் முனைகளில் ஒயில் கசிந்தால், பெரும்பாலும் சீல் செட் ஒன்றை மாற்றினால் போதும். புதிய வால்வு தேவையில்லை.

எல்லா வேலைகளும் ஒன்றாகப் பலவீனமாக இருந்தால் ஒயில் அளவு, பில்டர், பம்ப், ரிலீப் வால்வு ஆகியவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பிரஷர் கேஜ் உள்ள கராஜில் இதைச் சில நிமிடங்களில் அறியலாம்.

ஒரு சிலிண்டர் மட்டும் பலவீனமாக இருந்தால் அதன் பிஸ்டன் சீலைச் சோதியுங்கள். பக்கட் சிலிண்டர் என்றால் லோடரை நிலத்தில் இறக்கி, சிலிண்டரை முழுதாக நீட்டி இயந்திரத்தை நிறுத்துங்கள். லீவரை அசைத்து உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றியபின், தண்டுப் பக்க ஹோஸைக் கழற்றி அதன் வாயை நன்றாக அடையுங்கள். இயந்திரத்தை இயக்கி, நீட்டும் திசையிலேயே மெதுவாக அழுத்தம் கொடுங்கள். திறந்திருக்கும் துவாரத்தால் ஒயில் தொடர்ந்து வந்தால் பழுது சிலிண்டரில். வராவிட்டால் வால்வைச் சந்தேகிக்கலாம். உயர்த்திய லோடரின் கீழ் முட்டுக் கொடுக்காமல் எவரும் நிற்கக்கூடாது.

வால்வுதான் பழுது என்று உறுதியான பின், பின்வரும் ஐந்து கேள்விகளுக்கும் விடையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

1. ஓபன் சென்டரா, குளோஸ்ட் சென்டரா?

ஓபன் சென்டர் முறையில், லீவர் நடுவில் இருக்கும்போது ஒயில் தடையின்றி வால்வினூடாகச் சென்று டேங்கிற்குத் திரும்பும். சாதாரண கியர் பம்ப் உள்ள லோடர்கள் பெரும்பாலும் இவ்வகையே. குளோஸ்ட் சென்டர் முறையில் நடுநிலையில் வழி மூடியிருக்கும். பம்ப் தானாகவே தன் ஒயில் வெளியீட்டைக் குறைத்துக்கொள்ளும். 1960களில் வந்த ஜோன் டியர் 3020, 4020 போன்றவை இவ்வகை.

கியர் பம்புக்குக் குளோஸ்ட் சென்டர் வால்வைப் பூட்டினால் ஒயிலுக்குப் போக வழியில்லை. ரிலீப் வால்வு இடைவிடாது திறந்தே இருக்கும். ஒயில் கொதித்து, பம்பும் தேய்ந்துவிடும்.

மெஸி பெர்குசன் 135, 240 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பின்புறத் தூக்கிக்கான பம்ப் உள்ளே ஒயிலில் மூழ்கியிருக்கும். லோடருக்கு முன்னால் தனிக் கியர் பம்ப் பூட்டப்பட்டிருக்கலாம். லோடருக்கு ஒயில் எந்தப் பம்பிலிருந்து வருகிறது என்பதைக் குழாயைப் பின்தொடர்ந்து பார்த்தே முடிவு செய்யுங்கள்.

2. எவ்வளவு ஒயில், எவ்வளவு அழுத்தம்?

பம்பின் கொள்ளளவை அதன் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் ஒயிலின் அளவு வரும். ஒரு சுற்றுக்கு 20 சீ.சீ. தரும் பம்ப் நிமிடத்துக்கு 2,000 முறை சுற்றினால் 40 லீற்றர். வால்வின் அளவு இதற்குக் குறையக்கூடாது. சிறிய வால்வு ஒயிலைச் சூடாக்கும், வேலையையும் மந்தமாக்கும்.

வால்வில் கலன் கணக்கு எழுதப்பட்டிருந்தால் எந்தக் கலன் என்று கேளுங்கள். அமெரிக்கக் கலன் 3.8 லீற்றர், நாம் பழகிய பிரித்தானியக் கலன் 4.5 லீற்றர். 8 கலன் என்பது ஒன்றில் 30 லீற்றர், மற்றதில் 36 லீற்றர்.

அழுத்தம் பார் அல்லது பி.எஸ்.ஐ. கணக்கில் இருக்கும். ஒரு பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ. வால்வு தாங்கும் அழுத்தம் உங்கள் இயந்திரத்தின் ரிலீப் அளவை விடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

3. ஸ்பூல் எத்தனை, எவ்வகை?

தூக்க ஒன்று, பக்கட்டைக் கவிழ்க்க ஒன்று என இரண்டு ஸ்பூல் தேவை. தூக்கும் ஸ்பூலில் புளோட் நிலை இருந்தால் பக்கட் நிலத்தின் மேடு பள்ளத்துக்கேற்ப மிதந்து செல்லும். நிலம் மட்டப்படுத்துபவர்களுக்கு இது அவசியம்.

வாங்கும் ஸ்பூல் சிலிண்டருக்குரியதாக இருக்க வேண்டும். ஹைட்ரோலிக் மோட்டருக்குரிய ஸ்பூல் நடுநிலையில் இரு பக்க ஒயிலையும் டேங்கிற்குத் திறந்துவிடும். அதை லோடருக்குப் பூட்டினால், லீவரை விட்டவுடன் சுமை கீழே இறங்கிவிடும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இந்தத் தவறால் உயிரே போகலாம்.

4. வால்வைத் தாண்டி ஒயில் எங்கே செல்கிறது?

நேராக டேங்கிற்குச் சென்றால் பிரச்சினையில்லை. அதே ஒயில் அடுத்துப் பின்புறத் தூக்கியையோ வேறொரு வால்வையோ இயக்கினால், 'பவர் பியொண்ட்' எனப்படும் தனி வழியுள்ள வால்வு தேவை. இதில் உள்ளே வரும் வழி, டேங்க் வழி, அடுத்த வேலைக்கான வழி என மூன்று குழாய்கள் இருக்கும். பல வால்வுகளின் டேங்க் வழி முழு அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. அந்த வழியை அடுத்த வேலைக்கு இணைத்தால் சீல் பிய்ந்துவிடும். உடலே வெடிக்கவும் கூடும்.

5. மரை எந்த வகை?

அரை அங்குல பீ.எஸ்.பீ., என்.பீ.டி. மரைகள் இரண்டிலும் அங்குலத்துக்கு 14 புரிகள்தாம். அதனால் ஒன்றுக்குள் மற்றது சில சுற்றுகள் ஏறும். ஆனால் ஒன்றின் கோணம் 55 பாகை, மற்றதன் கோணம் 60 பாகை. பலவந்தமாக இறுக்கினால் கசியும் அல்லது வார்ப்பு வெடிக்கும். பழைய பிட்டிங் ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று பொருத்திப் பாருங்கள்.

பாவித்த வால்வு வாங்கலாமா?

எந்த இயந்திரத்திலிருந்து கழற்றப்பட்டது என்று தெரிந்தால் வாங்கலாம். தெரியாவிட்டால் மேலுள்ள கேள்விகளுக்கு விடையும் இல்லை. ஸ்பூலை வெளியே எடுத்துக் கீறலும் துருவும் உண்டா என்று பாருங்கள். ஒவ்வொரு ஸ்பூலும் அதன் துளைக்கென்றே பொருத்தப்பட்டது. இன்னொரு வால்வின் ஸ்பூலைப் போட்டுச் சரிசெய்யலாம் என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

விற்பவரின் கடமை

ஈரமான தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் சந்தையில் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே. உள்ளே தேய்ந்த ஸ்பூலை வெளியே பெயின்ட் அடித்து விற்பதும் அதே செயல்தான். குறை மறைக்கப்பட்ட பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு ஷரீஅத்தில் உரிமையுண்டு. அதுவே கியாருல் ஐப். தெரியாததைத் "தெரியாது" என்று சொல்வதும் அமானிதமே.

நாட்டின் சட்டமும் துணை நிற்கிறது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, என்ன தேவைக்கு வாங்குகிறோம் என்பதைக் கூறி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், பொதுவாக அப்பொருள் அத்தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். எனவே பற்றுச்சீட்டில் இயந்திரத்தின் பெயர், ஓபன் சென்டரா என்பது, ஒயில் அளவு, திருப்பி எடுக்கும் கால எல்லை ஆகியவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை என 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் கூறுகிறது.

பூட்டும்போது

பக்கட்டை நிலத்தில் இறக்கி, இயந்திரத்தை நிறுத்தி, லீவர்களை அசைத்து அழுத்தத்தை வெளியேற்றிய பின்பே ஹோஸைக் கழற்றுங்கள். ஹோஸ்களைக் கழுவி, பில்டரை மாற்றுங்கள். பழைய இரும்புத் தூள் புதிய ஸ்பூலை முதல் நாளிலேயே கீறிவிடும். ரிலீப் வால்வைக் குறைந்த அளவில் வைத்து, கேஜைப் பார்த்தபடி இயந்திரத்துக்குரிய அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். கசிவை விரலால் தேடாதீர்கள். மட்டையைப் பிடித்துப் பாருங்கள். ஊசித் துளையால் பாயும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுத அரை நாள் போதும். அந்த அரை நாள், இன்ஷா அல்லாஹ், ஒரு வால்வின் விலையையும் பல நாள் ஹயரையும் மிச்சப்படுத்தும்.