கிரிப்டோ நாணயமும் மறைச்சொற்களும்

கிரிப்டோ பையில் நாணயம் இருப்பதில்லை. அதனைச் செலவிடும் திறவுகோலாகிய நீண்ட எண்ணே உள்ளது. அவ்வெண்ணை மீண்டும் உண்டாக்கவல்லவை, பெரும்பாலான பைகளில், 2,048 சொற்கொண்ட பட்டியலினின்று எடுக்கப்படும் 12 அல்லது 24 சொற்களாகும். வங்கிக் கடவுச்சொல்லை மறந்தோர் மேலாளரிடம் விண்ணப்பிக்கலாம். இங்கு விண்ணப்பிக்க எவருமிலர்.

ஸ்டீபன் தாமஸ் என்னும் நிரலர் கடவுச்சொல் எழுதிய தாளைத் தொலைத்தார். அவருடைய 7,002 பிட்காயின்களின் திறவுகோல் கருவியினுள் அகப்பட்டது. அனுமதிக்கப்பட்ட பத்து முயற்சிகளுள் எட்டு வீணாயின என 2021-இல் செய்தி வெளிவந்தது.

இடுக்கி மாவட்டத்துப் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு மண்சரிவில் குடியிருப்புகள் புதைந்தன. வீட்டிலுள்ள ஒரே தாளும் வீட்டோடு அழியும். ஆகையால், மறைச்சொற்களை எழுதி, ஈரம் புகாத உறையிலிட்டு, ஒரு படியை மறையூர் இல்லத்திலும் மற்றொன்றைப் பாலக்காட்டு வங்கிப் பெட்டகத்திலும் வைப்பதுபோல், ஈரிடங்களிற் காத்தல் வேண்டும். அவற்றைக் கைப்பேசியிற் படமெடுத்து வைத்தலும், உதவுவதாகக் கூறுவோரிடம் வெளியிடுதலும் கூடா.