பழைய கேலிச்சித்திர அச்சுகள் சேகரித்தல்

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இலண்டனில் அச்சான செப்புத் தகட்டுக் கேலிச்சித்திரங்கள், உயர்குடியினரின் நாகரிக மோகத்தை எள்ளி நகையாடியவை. இன்று அவை சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் பொருள்களாக உள்ளன. ஜேம்ஸ் கில்ரே (1756–1815), தாமஸ் ரோலண்ட்சன் ஆகியோர் இக்கலையில் புகழ்பெற்றவர்கள்.

உருவாக்கும் முறை

செப்புத் தகட்டின் மீது மெழுகுக் கலவை பூசி, ஊசியால் கீறிப் படம் வரைவர். தகட்டை அமிலத்தில் இட்டால் கீறிய இடங்கள் மட்டும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். பள்ளங்களில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். தகட்டின் விளிம்பும் தாளில் தடமாக விழும். வண்ணம் பின்னர் கையால் தீட்டப்பட்டது.

உள்ளடக்கம்

தலையில் உயர்ந்து நிற்கும் இறகுகள், மார்பை ஒட்டியே இடை தொடங்கும் மெல்லிய ஆடைகள் முதலியன கேலிக்கு உள்ளாயின. கில்ரே 1794இல் வரைந்த ஒரு படத்தில் இரு பெண்கள் ஒரே பாணியில் உடுத்தியுள்ளனர். ஒருவர் பிரபுக்கள் வாழ்ந்த செயின்ட் ஜேம்ஸ் பகுதியின் ஒல்லியான சீமாட்டி. மற்றவர் வணிகர்களின் சீப்சைடு பகுதியைச் சேர்ந்த பருத்த பெண். உயர்குடியினரின் பாணியும் அதைப் பார்த்து மற்றவர் சூடிக்கொள்வதும் சேர்ந்தே நகைப்புக்கு உள்ளாகின்றன. கில்ரேயின் படங்கள் பலவற்றை வெளியிட்டவர் ஹன்னா ஹம்ப்ரி என்ற பெண்மணி. அவரது கடைச் சன்னலில் தொங்கிய படங்களை வழிப்போக்கர்கள் நின்று பார்க்கும் காட்சியையும் கில்ரே 1808இல் வரைந்துள்ளார்.

பொதுத் தொகுப்புகள்

இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பெருந்தொகுப்பு உள்ளது. அதன் 11 தொகுதி அட்டவணை 1870 முதல் 1954 வரை வெளிவந்தது. அதன் வரிசை எண்ணைக் கொண்டே இன்றும் படங்கள் அடையாளம் காணப்படுகின்றன. வின்சர் அரண்மனையிலிருந்த ஏறத்தாழ 10,000 படங்களை 1921இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வாங்கியது.

முதற்பதிப்பை அறிதல்

1735ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளியிட்டவர் பெயரும் நாளும் தகட்டிலேயே பொறிக்கப்பட்டன. ஆயினும் அந்த நாளை மட்டும் நம்பி விலை கொடுப்பது தவறாகும். தகடு அழியாதிருந்தால், பல ஆண்டுகளுக்குப் பின் எடுத்த படியிலும் அதே நாள்தான் இருக்கும். கில்ரேயின் தகடுகளை வாங்கிய ஹென்றி போன் 1851இல் அவற்றை மீண்டும் அச்சிட்டார். அவை வண்ணமின்றி, பெரும்பாலும் தாளின் இருபுறமும் அச்சிடப்பட்டவை. மேல் மூலையில் எண் இருக்கும்.

தாளை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியைப் பார்ப்பது நல்ல சோதனை. படத்தில் 1796 என்றிருந்து, நீர்க்குறியில் 1820 என்றிருந்தால் அது பிற்காலப் படியே. தகட்டின் தடம் வரை ஓரம் வெட்டப்பட்ட படங்களுக்கு மதிப்புக் குறைவு. கைவண்ணம் வெயிலில் மங்கிவிடும் என்பதால், இவற்றை வெளிச்சம் படாத உறைகளில் வைப்பதே நல்லது.