கமலா சொன்ன இன்னொரு குடும்பம்

2020 ஆகஸ்ட் 20, வியாழக்கிழமை விடியற்காலை. விமானங்கள் ஓடாமல், ஊருக்குப் போக வழியில்லாமல் தம்மாமில் நாங்கள் முடங்கிக் கிடந்த கொரோனா காலம். கைப்பேசியைத் திறந்தால் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே சொல்: சித்தி. அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை ஆற்றிய கமலா ஹாரிஸ், தன் குடும்பம் யார் யார் என்று சொல்லிக்கொண்டே வந்தபோது, நடுவில் 'சித்திகள்' என்று தமிழிலேயே சொல்லிவிட்டார். துளசேந்திரபுரம் கொண்டாடியது. நாங்களும்தான்.

அதே பட்டியலில், சித்திகளுக்குச் சற்றுப் பின்னால், இன்னொரு பெயரும் வந்தது: ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. அதுவும் தன் குடும்பம் என்றார். அது என்ன என்று எங்கள் குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. ஏதோ கட்சி அமைப்பாக இருக்கும் என்று கடந்துவிட்டோம்.

பிறகு கேட்டே தீர வேண்டிய நிலை வந்தது. நண்பர் ஒருவரின் மகள் இங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, டெக்சஸ் மாநிலத்தில் கல்லூரியில் சேர்ந்தாள். முதல் ஆண்டு முடிவதற்குள் வீட்டுக்கு ஒரு செய்தி: "அப்பா, நான் ஒரு சொராரிட்டியில் சேரப் போகிறேன்." நண்பர் ஹாலிவுட் படங்களில் பார்த்தது ஒன்றுதான்: பெரிய வீடு, விடிய விடியப் பார்ட்டி. அன்றிரவு அவர் தூங்கவில்லை. மறுநாள் கார்னிஷ் பக்கம் நடக்கும்போது எங்களிடம் கேட்டார்; எங்களுக்கும் தெரியவில்லை. தேடிப் படித்ததை இங்கே சொல்கிறோம். நம் பிள்ளைகளில் பலர் இப்போது அந்தப் பக்கம் போகிறார்கள்.

சொராரிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரி மாணவிகளின் சங்கம். 'சோரோர்' என்றால் லத்தீனில் சகோதரி. ஆண்களின் சங்கங்களுக்கு 'ஃபிரட்டர்னிட்டி' என்று பெயர். கிரேக்க எழுத்துகள் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பெயர் வைப்பது வழக்கம். ஒரு கல்லூரியில் உள்ள கிளையை 'சாப்டர்' என்பார்கள். முதலில் தொடங்கியது ஆல்ஃபா கிளை, அடுத்தது பீட்டா கிளை என்று அவற்றுக்கும் கிரேக்க எழுத்து வரிசைதான். கமலா சேர்ந்தது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் ஆல்ஃபா கிளை, அதாவது தாய்க் கிளை. அது வாஷிங்டனில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. (பாஸ்டன் பக்கத்து ஹார்வர்ட் வேறு, இது வேறு. எங்களில் இரண்டு பேர் குழம்பினோம்.)

அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865-ல். 1867-ல் ஹாவர்ட் பல்கலைக்கழகம் தொடங்கியது. மற்ற கல்லூரிகளின் கதவு பெரும்பாலும் மூடிக்கிடந்த காலத்தில் கறுப்பின மக்கள் உயர்கல்வி பெற்ற முக்கியமான இடம் அதுதான். வெள்ளைக்காரப் பெண்களின் சொராரிட்டிகள் அப்போதே பல கல்லூரிகளில் இருந்தன. கறுப்பினப் பெண்களுக்கு அவற்றில் இடமில்லை. ஹாவர்டிலோ ஆண்களே அதிகம். மாணவிகள் சொற்பம்.

செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து படிக்க வந்திருந்த எத்தல் ஹெட்ஜ்மன் என்ற மாணவிக்கு, அங்கே பாடம் நடத்திய எத்தல் ராபின்சன் என்ற ஆசிரியை, தான் படித்த பிரவுன் பல்கலைக்கழகத்து சொராரிட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நாமே ஒன்று தொடங்கினால் என்ன என்று எத்தலுக்குத் தோன்றியது. தோழிகளைச் சேர்த்துக்கொண்டு, 1908 ஜனவரி 15 அன்று மைனர் ஹால் என்ற கட்டடத்தில் ஒன்பது பேர் கூடித் தொடங்கினார்கள். சில வாரங்களில் இளைய மாணவிகள் ஏழு பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். கறுப்பினக் கல்லூரிப் பெண்கள் தமக்கென அமைத்துக்கொண்ட முதல் சொராரிட்டி அது. சென்னையின் முதல் மகளிர் கல்லூரி, பின்னாளில் ராணி மேரி கல்லூரி என்று பெயர் பெற்றது, அதற்கும் ஆறு ஆண்டு கழித்து 1914-ல்தான் வந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

நம்மூர்ச் சங்கங்களைப் பார்த்தவர்களுக்கு அடுத்து நடந்தது புதிதாக இருக்காது. சங்கம் பிளந்தது. தொடங்கியவர்கள் படிப்பு முடித்துப் போனதும், 1912-ல் கிளையில் இருந்த 22 மாணவிகள் பெயர், நிறம், சின்னம் எல்லாவற்றையும் மாற்ற முடிவு செய்தார்கள். ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்த நெல்லி குவாண்டர் அதை ஏற்கவில்லை. பேச்சு முறிந்தது. அந்த 22 பேரும் 1913 ஜனவரி 13-ல் டெல்டா சிக்மா தீட்டா என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள். பதினாறே நாளில், ஜனவரி 29-ல், நெல்லி பழைய பெயரையே சட்டப்படி பதிவு செய்துவிட்டார். இனி எந்த ஆண்டு மாணவிகளும் தம் இஷ்டத்துக்குக் கலைக்க முடியாது.

யார் பக்கம் நியாயம் என்று சொல்வது கடினம். பிரிந்து போனவர்கள் சும்மா இருக்கவில்லை. அந்த ஆண்டு மார்ச் 3-ல் வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில், கறுப்பினப் பெண்களைப் பின்வரிசைக்குத் தள்ளப் பார்த்த கூட்டத்தோடு நடந்தார்கள். இருந்தாலும் நெல்லியின் பதிவுதான் எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது. மாணவர் சங்கம் என்றால் படிப்போடு முடிந்துவிடும். இது முடியவில்லை. பட்டம் பெற்றவர்களுக்கென்றே தனிக் கிளைகள் வந்தன. இருபது வயதில் சேர்ந்தவர் எழுபது வயதிலும் உறுப்பினர்.

அப்படி நீடித்ததால் என்ன பயன்? 1935-ல் பொருளாதார வீழ்ச்சி நாட்டை வாட்டியபோது, இந்தப் பெண்கள் மிசிசிப்பி மாநிலத்தின் பருத்திக்காட்டுத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்க்கக் கிளம்பினார்கள். தலைமை, டாக்டர் டாரத்தி ஃபெரிபீ. தொழிலாளர்கள் முகாமுக்கு வரத் தோட்ட முதலாளிகள் விடவில்லை. அதனால் காரில் மருந்தை ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்கே போனார்கள். அம்மைத் தடுப்பூசி, பல் வைத்தியம், குழந்தைகளுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்ற சொல்லித்தரல் எல்லாம் அங்கேயே. கோடை விடுமுறைதோறும் 1942 வரை இது நடந்தது. கார் கொடுத்தவர், ஓட்டியவர், ஊசி போட்டவர் எல்லாரும் முன்னாள் மாணவிகள்.

முதல் ஒன்பது பேரில் ஒருவரான லூசி டிக்ஸ் ஸ்லோவைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1917-ல் கறுப்பினத்தவருக்கான தேசிய டென்னிஸ் போட்டியில் பட்டம் வென்றார். 1922-ல் தாம் படித்த ஹாவர்டிலேயே மாணவியருக்கான டீன் ஆனார். டீன் என்றால் பெண் பிள்ளைகளைக் கண்காணிக்கும் விடுதிக் காவல் அல்ல, கல்வி அதிகாரி என்று கடைசி வரை வாதாடினார். மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டும் நம்மூர் விடுதிகளில் படித்த பெண்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள், அல்லது பெருமூச்சு விடுவார்கள்.

இனி கமலா. அவர் அம்மா சியாமளா கோபாலன் 1958-ல், 19 வயதில், தனியாக பெர்க்லிக்குப் படிக்கப் போனவர். அங்கே அவருக்குக் கிடைத்த உறவு வட்டம் கறுப்பின மாணவர்களின் வாசிப்புக் குழுதான். மகள் 1986-ல், ஹாவர்டில் கடைசி ஆண்டில், ஆல்ஃபா கிளையில் சேர்ந்தார். 2020-ல் அவர் வேட்பாளரானதும் தேர்தல் நிதிக்கு 19 டாலர் 8 சென்ட் என்று வினோதமான தொகைகள் வந்து குவிந்தன. 1908-ஐ நினைவூட்டும் தொகை அது. அவர் கழுத்தில் எப்போதும் கிடக்கும் முத்துமாலைக்கும் பொருள் உண்டு. முத்து இந்த அமைப்பின் சின்னம். இன்று இதன் உறுப்பினர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல்.

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நண்பருக்குச் செய்யும் துரோகம். சொராரிட்டிகளில் எல்லாரும் சேர முடியாது, அவர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். கட்டணம் உண்டு, அது எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. சடங்குகள் ரகசியம். ரகசியம் இருக்கும் இடத்தில் 'ஹேசிங்' நுழைகிறது. நாம் ராகிங் என்கிறோமே, அதுதான், புதிதாகச் சேர்பவர்களை வதைப்பது. 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நாவரசுவுக்கு நடந்ததை மறந்த தமிழர் இல்லை. அதன் பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அமெரிக்காவிலும் மாணவர்கள் இறந்திருக்கிறார்கள். 1990-ல் கறுப்பினத்தவரின் கிரேக்க எழுத்து அமைப்புகள் கூடி, வாரக்கணக்கில் புதியவர்களை ஆட்டிவைக்கும் பழைய முறையையே கைவிடுவதாக அறிவித்தன. அதற்குப் பிறகும் அங்கங்கே மறைவாக நடந்ததுண்டு. பெரும்பாலான மாநிலங்களில் ஹேசிங் சட்டப்படி குற்றம்.

நண்பரின் மகள் சேர நினைத்தது தெற்காசியப் பெண்களுக்கான சொராரிட்டி. அவை 1998-ல்தான் பிறந்தன: ஆஸ்டினில் கப்பா ஃபை காமா, ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க்கில் சிக்மா சிக்மா ரோ. தொடங்கியவர்கள் நம்மைப் போல் குடிபெயர்ந்தவர்களின் பெண்கள். தொண்ணூறு ஆண்டுக்கு முன் எத்தல் ஹெட்ஜ்மன் செய்ததைத்தான் செய்தார்கள்: நமக்கென்று ஒன்று இல்லையா, நாமே தொடங்குவோம்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னோம். மகளிடம் மூன்று கேள்வி கேட்கச் சொன்னோம். கிளைக்குக் கல்லூரியின் அங்கீகாரம் இப்போது இருக்கிறதா? ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு செலவு? சேரும் முன் ஏதாவது ஒன்றை "வீட்டில் சொல்லாதே" என்று சொல்கிறார்களா? முதல் இரண்டுக்கும் அவள் பதில் அனுப்பினாள். மூன்றாவதற்கு, அப்படி யாராவது சொன்னால் அன்றே விலகிவிடுவேன் என்றாள்.

அவள் அம்மா எங்கள் கேள்விகளைக் கண்டுகொள்ளவில்லை. போன குளிர்காலத்தில் மகள் காய்ச்சலோடு இரண்டு நாள் அறைக்குள் கிடந்ததும், இங்கிருந்து போன் அடித்து அடித்து ஓய்ந்ததும்தான் அவருக்கு ஞாபகம். வீடியோ அழைப்பில் அந்தக் கிளையின் மூத்த பெண் ஒருத்தியை வரவழைத்து அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அவளுக்கு முடியலைன்னா உங்கள்ல யாரும்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவீங்க?" அந்தப் பெண் யோசிக்காமல் இரண்டு பெயரும் இரண்டு போன் நம்பரும் சொன்னாள். அம்மா அவற்றைக் காலண்டர் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.