ஹெரால்டின் அடியில் படுப்பதற்கு முன்

திருத்தணித் தாலுகா ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று. அதற்கு மறு வருஷம், சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் ஹெரால்டு என்னும் சிறு காரைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். இத்தாலிய நிபுணர் மிக்கெலோட்டி உருவம் வகுக்க, 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனி வெளியிட்ட வாகனந்தான் அது. அதன் சேசிஸையே குறுக்கி, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே இருந்த 91.5 அங்குலத்தை 83 அங்குலமாக்கி, இருவர் மட்டுமே அமரக்கூடிய ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை 1962-இல் அதே கம்பெனி கொண்டுவந்தது. ஆகவே நம் திருத்தணிப் பக்கத்தில் யாரேனும் ஒரு பழைய ஹெரால்டைக் கொட்டகையில் பேணி வைத்திருந்தால், அவரிடம் இருப்பது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் உடன்பிறப்பு. சோழவரத்து விமானத்தளத்தில் மோட்டார்ப் பந்தயம் பார்த்த தலைமுறைக்கு இந்த உறவுமுறையை விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய வண்டியின் நுட்பம் தெரிந்த கைகள் அருகிவிட்டபடியால், சொந்தக்காரரே ஸ்பானரை எடுக்கும்படி நேர்கிறது. முன்பக்கத்தில் அது எளிது: பானெட் முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கிச் சாய்ந்துவிடுவதால், டயரின்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைக் கவனிக்கலாம். ஆனால் ஆயில் மாற்றவும், பிரேக் பார்க்கவும், சைலன்சர் கழற்றவும் வண்டியை உயர்த்தியே ஆக வேண்டும். ஏறத்தாழ 800 கிலோ எடையுள்ள இரும்பின் கீழ் ஒரு மனிதன் மல்லாந்து படுக்கப் போகிறான் என்பதை அந்த இடத்தில்தான் நினைவில் நிறுத்த வேண்டும்.

முதலில் தரை. மலையடிவாரத்து ஊரில் சமதளம் கிடைப்பதே ஒரு பிரயாசை. கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் தெருவிலும் மழைநீர் ஓடும் திசையைப் பார்த்தால் சரிவு புலப்பட்டுவிடும். மண்தரையில் ஜாக்கி அமிழும். சித்திரை வெயிலில் இளகிய தார் ரோட்டில், வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டின் கால்கள் புதையும். வீட்டு முற்றத்தில் நாம் பெருமையோடு பாவியிருக்கும் கடப்பைக் கல்லோ, அடியில் மணல் இறங்கிப் பொள்ளலாகிவிட்டிருந்தால், ஒரே புள்ளியில் விழும் பாரத்தைத் தாங்காமல் விரிந்துவிடும். கெட்டியான சிமெண்டுத் தரையே உத்தமம். அது இல்லாதவர் கனமான பலகையொன்றை அடியில் விரித்துக்கொள்ளட்டும்.

ஹாண்ட் பிரேக்கை இழுத்துவிட்டோமே என்று நிச்சிந்தையாக இருப்பவர் பலர். ஹெரால்டில் அது பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். எஞ்சினின் சக்தி போவதும் பின்சக்கரங்களுக்கே. ஆதலால் பின்பக்கத்தைத் தூக்கிய மறுகணமே பிரேக்கும் கியரும் ஒருங்கே பயனற்றுப்போய், தரையில் நிற்கும் முன்சக்கரங்கள் இரண்டும் தம் இஷ்டத்துக்கு உருளத் தயாராகிவிடுகின்றன. எந்தப் பக்கத்தைத் தூக்குகிறோமோ அதற்கு எதிர்ப்பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து இறுக்குவது இதனால்தான் அவசியம். சக்கரத்தைக் கழற்றுவதானால், வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். உயர்த்திய வண்டியில் தொங்கிக்கொண்டு ஸ்பானரை உதைப்பது அபாயத்தை அழைப்பதாகும்.

ஹைட்ராலிக் ஜாக்கியின் தத்துவம் 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதியில் அடங்கியிருக்கிறது. அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவுவதால், சிறு குழாயில் நாம் மெல்ல அமுக்குவது பெரிய குழாயில் வண்டியையே எழுப்பும் பலமாகிறது. ஆனால் எழுப்பிய பாரம் முழுவதையும் அதன்பின் காத்து நிற்பது ஒரு ரப்பர் சீல். அது தேய்ந்திருந்தாலோ, வால்வில் ஒரு துரும்பு சிக்கினாலோ, எண்ணெய் கசிந்து வண்டி இறங்கிவிடும். அது மெல்லவும் இறங்கலாம், சடுதியிலும் இறங்கலாம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே ஏற்பட்ட கருவி; தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டுகள் வேண்டும். பணம் மிச்சம் என்று செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்குகிறார்களே, அது நம் நாட்டில் எங்கும் காணும் விபரீதச் சிக்கனம். செங்கல் வளைந்து எச்சரிப்பதில்லை, ஒரே நொடியில் நொறுங்கும்.

ஸ்டாண்டை எங்கே வைப்பது? ஹெரால்டுக்கு உடல் வேறு, சேசிஸ் வேறு. பாரத்தை ஏற்க வேண்டியது நடுவே நீளவாட்டில் ஓடும் சேசிஸின் பிரதான உத்தரங்களே. கதவுக்குக் கீழுள்ள தகடு அலங்காரத்துக்கு. ஆயில் சம்பின் கீழ் வைத்தால் அது நசுங்கிப்போகும். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைச் சட்டங்களில்தான் துரு முதலில் குடியேறும். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். மேலே கறுப்பு பெயிண்ட் பளபளத்தும் ‘சொத்’தென்று கேட்டால் அந்த இடத்தை நம்பலாகாது. டிஃபரன்ஷியலின் கீழ் மரக்கட்டை கொடுத்து ஜாக்கியால் தூக்குவோர் உண்டு. தூக்கிய பிறகு இருபுறமும் ஸ்டாண்டு உட்கார வேண்டிய இடம் சேசிஸ்தான். இரண்டு ஸ்டாண்டிலும் வண்டி அமர்ந்தபின், அடியில் நுழைவதற்கு முன்பாக, பக்கவாட்டில் கையூன்றி நன்றாக அசைத்துப் பார்க்க வேண்டும். ஆடினால், இறக்கிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். கழற்றிய சக்கரத்தைச் சேசிஸுக்கு அடியில் படுக்கவைத்துவிட்டால் அதுவும் ஒரு காவல். உயர்த்திய வண்டியை ஸ்டார்ட் செய்வதோ, பெட்ரோல் குழாயைக் கழற்றும் இடத்தில் பல்பு தொங்கவிடுவதோ கூடவே கூடாது.

இறக்கும்போது ஒரு வேடிக்கை நிகழும். ஹெரால்டின் பின்சக்கரங்கள், குறுக்கே அமைந்த ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்கில் தனித்தனியே ஊசலாடுபவை. வண்டியை உயர்த்தினால் அவற்றின் அடிப்பாகம் உள்நோக்கி மடங்கிக்கொள்ளும். இறக்கிய பின்னும் டயர் தரையைப் பற்றிக்கொள்வதால் அவை விரிவதில்லை. வண்டியின் பின்புறம் தூக்கியபடியே நிற்க, புதிதாகப் பார்ப்பவர் ஏதோ ஒடிந்துவிட்டது என்று பதறுவார். கட்டைகளை அகற்றி வண்டியைச் சில அடிகள் முன்னும் பின்னும் உருட்டினால் தானே பழைய நிலைக்கு அமரும். பின்னால் வந்த கெசல் மாடலில் அச்சு ஒரே நேர்தண்டானதால் இந்த வினோதம் இல்லை.

சக்கர நட்டுகளை முழுதாக முடுக்குவது வண்டி தரையில் அமர்ந்த பிறகே. ஆடிக் கிருத்திகைக்கு முன்னதாக வண்டியைச் சீர்செய்து தணிகை மலைப்பாதையில் ஏற்ற எண்ணுகிறவர்கள், அடிவாரத் தெருக்களில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, அந்த நட்டுகளை இன்னொரு முறை முடுக்கிப் பார்த்துவிட்டு மலையேறுங்கள்.