புளித்த மாவுக்கு ஒரு வெயில் அடுப்பு

சித்திரையில் கள்ளக்குறிச்சியில் இரவு கரைத்து வைத்த இட்லி மாவு, விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருக்கும். இட்லி, தோசை, ஊத்தப்பம், பணியாரம் எனப் படிப்படியாக இறங்கிவந்த பிறகும் மூன்றாம் நாள் அடிச்சட்டியில் இரண்டு கரண்டி மிஞ்சும். மூக்கைத் துளைக்கும் புளிப்பு. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு ஏறினால் கதையே வேறு. மார்கழிக் குளிரில் அங்கே மாவைப் பொங்கவைப்பதே பெரும்பாடு.

மாவைப் பொங்கவைப்பது லியூகோநாஸ்டாக் என்னும் பாக்டீரியா. அது அமிலத்தையும் கரியமில வாயுவையும் சேர்த்தே வெளியிடும். உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவைச் சிறைபிடிக்கிறது. நேரம் போகப்போக வாயு நழுவிவிட, அமிலம் தங்கிவிடுகிறது. ஐரோப்பியரின் புளித்த ரொட்டி மாவிலும் இதே குடும்பத்துப் பாக்டீரியாக்கள்தான், கூடவே காட்டு ஈஸ்ட். அங்கே வாயுவைப் பிடித்துவைப்பது கோதுமையின் பசைப்புரதம். அரிசியிலும் கல்வராயன் மலையில் விளையும் சாமையிலும் அது கிடையாது. ஆகவே நம் மாவில் ரொட்டியை எதிர்பார்ப்பது வீண்.

ரொட்டி வேண்டாம், ஹாண்ட்வோ போதும். குஜராத்திகள் அரிசியும் பருப்பும் அரைத்துப் புளிக்கவைத்த மாவில் சுரைக்காயைத் துருவிப்போட்டு, கடுகும் எள்ளும் தாளித்து அடையாகச் சுட்டெடுப்பார்கள். மிஞ்சிய மாவுக்கு அதைவிட நல்ல கதி எனக்குத் தெரியவில்லை.

அடுப்பு? கறுப்புத் தட்டு, மேலே இரட்டைக் கண்ணாடி, சுற்றிலும் வெப்பம் கசியாத பெட்டி. ஒளி உள்ளே வரும். கறுப்பு அதை வெப்பமாக்கும். அந்த வெப்பம் கண்ணாடியைத் தாண்டி எளிதில் வெளியேறாது. 1767இல் இப்படியொரு பெட்டியைச் செய்த சுவிஸ் விஞ்ஞானி சோசூர், அதை ஆல்ப்ஸ் சிகரம் ஒன்றுக்கும் சுமந்துபோனார். வெளிக்காற்று ஏறத்தாழ 6 டிகிரி, பெட்டிக்குள் 88 டிகிரி. மறுநாள் கீழே, வெப்பமான சமவெளியிலும் உள்ளே கிட்டத்தட்ட அதே சூடு. வெள்ளிமலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய சோதனை இது: குளிர் மாவைத்தான் தடுக்கும், பெட்டியை அவ்வளவாகத் தடுக்காது. அதற்கு வேண்டியது மேகமில்லாத வானம். ஏப்ரல் கடைசி வாரத்தையொட்டி நண்பகலில் நம் நிழல் காலடியிலேயே சுருங்கிவிடும். அப்போது பெட்டியைச் சாய்க்கவே தேவையில்லை.

நல்ல பெட்டி 100 டிகிரியைத் தாண்டும். மாவு வேக அது தாராளம். ஆனால் மேல்தோல் பொன்னிறமாகச் சிவக்க 140 டிகிரியாவது வேண்டும். அதனால் அடை வெளுத்தே இருக்கும். இட்லியின் வேகமும் வராது. நீராவி மாவின்மேல் படிந்து நீராகும்போது தன் மறைவெப்பத்தை மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. உலர்ந்த காற்றுக்கு அந்தத் தாராளம் இல்லை. ஒன்றரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

பெட்டி நன்றாகக் காய்ந்த பிறகே மாவில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா கலக்குங்கள். புளிப்பும் சோடாவும் சேர்ந்து, நழுவிப்போன வாயுவை மறுபடி உண்டாக்கும். முன்பே கலந்தால் அதுவும் பறந்துவிடும். மூடியுள்ள கறுப்புப் பாத்திரத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் ஊற்ற வேண்டாம். வெந்ததா என்று அடிக்கடி திறந்து பார்க்கிற கை சும்மா இருக்கட்டும். வெளுப்பு பிடிக்காதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது தோசைக்கல்: நல்லெண்ணெய் விட்டு, இரண்டு நிமிடம் குப்புறப் போட்டால் போதும்.