மிச்சம் இருக்கும் காது
கேள்வியின் கதை – 11

காக்ளியர் இம்ப்ளாண்ட் என்றால் அறவே காது கேட்காதவர்களுக்கான சிகிச்சை என்றுதான் பலரும் நினைத்திருக்கிறோம். மருத்துவர்களும் பல வருடங்கள் அப்படித்தான் வைத்திருந்தார்கள். உள்காதில் இருக்கும் செவிச்சுருளுக்குள் மின்முனைகள் கோத்த மெல்லிய இழையை நுழைத்தால், உள்ளே உயிரோடிருக்கும் நுண்மயிர் செல்கள் சிதைந்துவிடும். இயற்கையாகக் கேட்டுக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சமும் போய்விடும். எதுவுமே கேட்காதவருக்கு அதில் நஷ்டமில்லை. பாதி கேட்கிறவரின் நிலைமை வேறு.

அந்தப் பாதி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தாழ்ந்த ஒலிகள் ஓரளவு நன்றாகவே கேட்கும். 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும், கேட்கும் திறனை வரைந்து காட்டும் ஆடியோகிராம் கோடு செங்குத்தாகச் சரியும். பேசுவது ஆணா பெண்ணா, கோபமா கெஞ்சலா என்பதெல்லாம் இவருக்குத் தெரியும். ‘பசி’, ‘படி’, ‘பதி’ மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். மெய்யெழுத்துகளின் கூர்மை மேல் சுருதியில் இருக்கிறது, அது வந்து சேர்வதில்லை. காது மெஷின் வைத்து ஒலியைக் கூட்டினாலும் பயன் குறைவு, செல்களே இல்லாத இடத்தில் எவ்வளவு சத்தம் கொடுத்து என்ன? மெஷினும் உதவாமல், இம்ப்ளாண்ட்டுக்கும் தகுதியில்லாமல் இரண்டுக்கும் நடுவில் நின்றவர்கள் இவர்கள்.

செவிச்சுருளின் அமைப்பு இவர்களுக்குச் சாதகமாக இருந்தது. இரண்டரைச் சுற்று, நீட்டிப் பார்த்தால் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல். உயர்ந்த சுருதிகளுக்கு உரிய இடம் நுழைவாயிலிலேயே இருக்கிறது, தாழ்ந்தவை கடைசிச் சுற்றில். அதாவது பழுதான பகுதி வாசலில், நல்ல பகுதி உள்ளறையில். வாசலோடு நின்று வேலையை முடித்தால் உள்ளறை பிழைக்கலாம் அல்லவா? தாளில் இது சுலபம். ஆனால் இரண்டுக்கும் நடுவே சுவர் கிடையாது, ஒரே திரவம்தான் நிறைந்திருக்கிறது. வாசலில் அழுத்தம் மாறினால் கடைசிச் சுற்று வரை அதிரும்.

1993இல் ஜெர்மனியின் ஹனோவரைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் லென்ஹார்ட், இதை எப்படி மென்மையாகச் செய்யலாம் என்று எழுதினார். இன்று படித்தால் இதெல்லாம் வெறும் பொது அறிவாகத் தோன்றலாம். எலும்பைக் குடைந்து முடித்து, தூளையும் ரத்தத்தையும் துடைத்த பிறகே உள் சவ்வைத் திற. திறந்தபின் அந்த இடத்தில் உறிஞ்சு குழாயை வைக்காதே. வழுக்கிச் செல்ல ஹையலூரானிக் அமிலப் பசையைப் பயன்படுத்து. தடை தட்டினால் தள்ளாதே. உறிஞ்சு குழாய் பற்றிய எச்சரிக்கையின் அருமை, உள்ளே இருக்கும் திரவம் சில சொட்டுகள்தான் என்று தெரிந்தால் புரியும். ஒரு நொடி உறிஞ்சினாலே போதும்.

பிறகு வந்தவர்கள் இவற்றோடு இன்னும் சேர்த்தார்கள்: எலும்பில் புதுத் துளை போடாமல் இயற்கையே வைத்திருக்கும் வட்டச் சாளரம் வழியாகப் போவது, ஸ்டீராய்டு கொடுப்பது, இழையை மெதுவாகச் செலுத்துவது. பாவாடைக்கு நாடா கோத்தவர்களுக்கு இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லித் தரவேண்டியதில்லை, அவசரப்பட்டால் உள்ளே சுருண்டுகொள்ளும். செவிச்சுருளில் சுருண்டுகொண்டால் இழை மேல்நோக்கிக் குத்தி, ஒலிக்கு அதிரும் அடித்தள மென்படலத்தையே கிழித்துவிடும். கைநடுக்கம் இல்லாத ரோபோ கருவிகள் இன்று மில்லிமீட்டரின் சிறு பகுதிகளாக நகர்த்துகின்றன.

1999இல் பிராங்பர்ட்டின் கிறிஸ்டோஃப் ஃபான் இல்பெர்க் குழு, ஒரே காதில் இரண்டு வழிகளையும் சேர்த்தது: தாழ்ந்த ஒலி இயல்பாக, தேவைப்பட்டால் மெஷின் உதவியோடு, உயர்ந்த ஒலி மின்சாரமாக. அமெரிக்காவின் அயோவாவில் புரூஸ் கான்ட்ஸ் பத்து மில்லிமீட்டர் நீளமே உள்ள குட்டை இழையைப் பயன்படுத்தினார். போலந்தில் ஹென்ரிக் ஸ்கார்ஷின்ஸ்கி 2002 முதல் வட்டச் சாளரம் வழியாகச் செய்துவந்தார். குட்டையா நீளமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எனக்குக் குட்டை இழையின் மீது ஒரு சந்தேகம் உண்டு. பின்னொரு நாள் மிச்சக் கேள்வியும் போய்விட்டால், கையில் இருப்பது பாதிச் சுருளைக்கூட எட்டாத கருவி.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம், ஒரு பூனையிலிருந்து தொடங்குகிறது. 1930இல் பிரின்ஸ்டனில் வீவர், பிரே என்ற இருவர், மயக்கத்தில் இருந்த பூனையின் கேள்வி நரம்பில் கம்பி வைத்து, பெருக்கி வழியாகத் தொலைவில் இருந்த அறைக்கு இணைத்தார்கள். ஒருவர் பூனையின் காதில் பேச, மற்றவர் அந்த அறையில் தொலைபேசிக் கருவியில் அதைத் தெளிவாகக் கேட்டார். நரம்பே பேச்சைக் கடத்துகிறது என்று நம்பினார்கள். உண்மையில் அதன் பெரும்பகுதி, செவிச்சுருளின் நுண்மயிர் செல்கள் ஒலிக்கேற்ப எழுப்பும் மின்னசைவு என்று பின்னால் தெரிந்தது.

அதே மின்னசைவுதான் இன்று அறுவை மேஜையில் காவல் நிற்கிறது. நோயாளி மயக்கத்தில் இருக்கிறார், காது மயங்குவதில்லை. காதில் ஒலி கொடுத்துக்கொண்டே இழையைச் செலுத்துகிறார்கள். இழையின் நுனியிலுள்ள மின்முனையே உயிருள்ள செல்களின் பதிலை வாங்கித் திரையில் காட்டுகிறது. நல்ல செல்களை நெருங்க நெருங்க அலை உயரும். திடீரென்று விழுந்தால் எங்கோ உரசுகிறது என்று பொருள். நிறுத்தி, சிறிது பின்வாங்கி, கோணத்தை மாற்றிப் பார்க்கலாம். விழுவதெல்லாம் சேதம் அல்ல, எழுவதெல்லாம் வெற்றியும் அல்ல. ஆனாலும் இருட்டில் கைவிட்டுத் தடவிய இடத்தில் ஒரு குரல் கிடைத்திருக்கிறது.

மேஜையில் காப்பாற்றிவிட்டால் கதை முடிந்ததா என்றால் இல்லை. அந்நியப் பொருளைச் சுற்றி உடல் நார்த்திசு வளர்க்கும், சில நேரம் எலும்பும். அறுவை முடிந்த வாரங்களிலோ மாதங்களிலோ, எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில், கேள்வி சரியும். 2014இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இவ்வகைக் கலப்புக் கருவி ஒன்றை அங்கீகரித்தபோது, அதற்கு அடிப்படையான ஆய்வில் 50 பேர். அவர்களில் 22 பேருக்கு அந்தக் காதில் தாழ்ந்த ஒலிகளின் கேள்வி மிகக் கடுமையாகவோ முழுமையாகவோ போயிருந்தது. ஆறு பேர் மறுபடி அறுவைக்குப் போய் வழக்கமான கருவியைப் பொருத்திக்கொண்டார்கள். ஆய்வில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பேச்சு புரிவது முன்னைவிட மேம்பட்டது என்பதும் உண்மையே. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மெல்ல ஸ்டீராய்டு கசியும் இழைகளை இப்போது சோதிக்கிறார்கள். பிந்தைய சரிவை அது தடுக்குமா என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இம்ப்ளாண்ட் பொருத்தப்படும் குழந்தைகளில் பலருக்குக் காக்கவேண்டிய மிச்சமே பெரிதாக இருக்காது. ‘அப்புறம் எதற்கு இத்தனை பக்குவம்?’ என்று கேட்கலாம். நாலு வயதில் பொருத்திய கருவி எண்பது வயது வரை உழைக்காது. அதே சுருளைப் பின்னால் இன்னொரு முறை திறக்கவேண்டி வரும். வடு குறைவாக இருந்தால் அடுத்த மருத்துவரின் வேலை எளிது.

மிச்சக் கேள்வி உள்ளவர் கையெழுத்துப் போடும் முன் கேட்கவேண்டியவை சில உண்டு. எந்த நீள இழை, எந்த வழியாக? ஓராண்டு கழித்து எத்தனை பேருக்கு மிச்சம் தங்கியிருக்கிறது, அது எந்த அளவுகோலில்? இந்த அளவுகோல் விஷயத்தில் ஏமாற இடமுண்டு. 2013இல் ஸ்கார்ஷின்ஸ்கியும் சக மருத்துவர்களும் முன்வைத்த வகைப்பாட்டில், முன்பிருந்ததில் 75 சதவீதத்துக்கு மேல் தங்கினால்தான் முழுப் பாதுகாப்பு; அதிலிருந்து 25 வரை பகுதிப் பாதுகாப்பு; அதற்கும் கீழே சொற்பம். ‘காப்பாற்றிவிட்டோம்’ என்ற ஒரே சொல் மூன்றுக்கும் பொருந்தும். அதனால் கருவியைக் கழற்றிவைத்து எடுத்த ஆடியோகிராமைக் கேளுங்கள், அறுவைக்கு முந்தைய தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

(அடுத்த இதழில்: ஒரே காதில் இயல்பாகவும் மின்சாரமாகவும் வரும் ஒலிகளை மூளை எப்படி ஒன்றாக்குகிறது?)